பனிக்குள் பூத்த ஐரிஸ்

இன்று கடையில் ஐரிஸ் பூக்கிழங்குப் பையொன்றைத் தூக்கியதும், புலம்பெயர்ந்து வந்த புதிதில் வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த, இப்போது இடித்து மாடிக்கட்டடம் எழும்புகிற அந்த வரிசைவீட்டின் பின்பக்க மண் மணத்தது. சின்ன வெங்காயம்போலத் தோல் உரியும் கிழங்குகளை, குளிர் இறுகுமுன் அம்மா சுவரோரமாகக் கரண்டியால் தோண்டிப் புதைத்தார். அப்பா கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்.

"உது பூக்கேக்க அப்பா வந்திடுவார்," என்றார் அம்மா. எனக்கு ஏழு வயது. தினமும் போய்ப் பார்த்தேன்.

மார்ச்சில் ஒரு காலை எழும்பிக் குளியலறை ஜன்னலால் பார்த்தால், கரையாத பனிக்கு நடுவே என் விரலளவு உயரத்தில் நீலப் பூக்கள் நின்றன. கோட் கூடப் போடாமல் அம்மா குனிந்து ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்துக்கு என் சப்பாத்தைக் கட்டிவிட்ட அவரது விரல்கள் சில்லிட்டிருந்தன.

"இன்னும் பூக்கேல்லை, பிள்ளை."

"ஓம் அம்மா. இன்னும் குளிரெல்லோ," என்றேன்.

அப்பா ஜூலையில் வந்து சேர்ந்தார். சுவரோரம் காய்ந்து கிடந்த இலைகளைப் பார்த்து, என்ன பூ என்று கேட்டார். இந்த முறை ஒன்றும் பூக்கவில்லை என்று அம்மா சொன்னபோது, நானும் தலையாட்டினேன்.