பனியன் போட்ட குட்டிகள்

போன வாரம், பனியன் கடைகள் நெருங்கிக் கிடக்கிற காதர்பேட்டையில் ஒரு கடை வாசலில், கைக்குழந்தைப் பனியன் ஒன்றை மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டு நின்றேன். ஒருமுறை முகர்ந்திருந்தால் துணி பார்க்கிற ஆள் என்று விட்டிருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்ததுதான் தப்பு. "ஏனுங்க, பேரக்குழந்தைக்குங்களா?" என்றார் கடைக்காரர். ஆட்டுக்குட்டிக்கு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம். பிறந்த குட்டிகளுக்குப் பனியன் மாட்டி, பெற்ற தாய்களே அடையாளம் தெரியாமல் அவற்றை முட்டித் தள்ளும்படி செய்தவன் நான். அதுவும் ஆடு வளர்ப்பைப் பற்றி நாலு புத்தகம் படித்துவிட்டுச் செய்தேன்.

நான் தேடியது ஒரு வாசனையை. துணி மெத்தென்று இருக்கக் கடைசியில் போடுகிற சாப்ட்னர், அதன்மேல் ஸ்டீம் அயர்ன் ஏறிய ஈரச்சூடு. இரண்டும் சேர்ந்தால் பாதி சோப்பு, பாதி வெந்த அரிசி. வேலம்பாளையத்தில் நான் மெர்ச்சண்டைசராக இருந்த பனியன் கம்பெனி முழுக்க அந்த வாசனைதான். வெளிநாட்டுக்காரன் கேட்ட நிறத்தை உள்ளூர்க்காரனிடமும், உள்ளூர்க்காரன் சொன்ன சாக்குப்போக்கை வெளிநாட்டுக்காரனிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கிற உத்தியோகம். அதற்கேற்ற ஆள்தான் நானும். ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடிப்பேன். அந்த அரிப்பில் காடை, காளான், மண்புழு எல்லாம் வளர்த்துப் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொன்றும் ஒரு காலி ஷெட்டையும் ஒரு குடும்பச் சண்டையையும் விட்டுவிட்டுப் போயிருந்தது.

அக்காவுக்கு அதே கம்பெனியில் செக்கிங் மேசை. நாள் முழுக்க நின்றபடி துணியில் ஓட்டை தேடுகிற வேலை. பஞ்சுத்தூசி ஒத்துக்கொள்ளாமல் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், இனிமேல் கம்பெனிப் பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பால் ஆடு வளர்க்கலாம் என்று நான் குதித்தேன். அக்கா வீட்டுக்காரருக்கு ஊருக்கு வெளியே ஒரு துண்டு மேட்டுக்காடு இருந்தது. இடம் மாமாவுடையது, பாடு அக்காவுடையது, யோசனை என்னுடையது. இப்படி ஒரு கூட்டு.

"யோசனைக்கும் பங்குங்களா மாப்ள?" என்று மாமா கேட்டார். நான் ஆடு வாங்கப் போய்விட்டேன்.

தலைச்சேரி ஆடுகள் ஆறு, கிடா ஒன்று. கிடாயின் வாடை பாலில் ஏறிவிடும் என்பதால் அதைக் காட்டின் மறுகோடியில் கட்டினோம். அங்கிருந்தும் அது எங்களோடு தொடர்பில்தான் இருந்தது. எப்போது சேர்ப்பது என்பதில் என் கம்பெனிப் புத்தி வேலை செய்தது. ஒவ்வொன்றாகக் குட்டி போட்டால் பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஷிப்மென்ட் போல மொத்தமாக வரவேண்டாமா? ஆனி மாதத்தில் கிடாயை உள்ளே விட்டேன். ஆறும் அடுத்தடுத்துப் பருவத்துக்கு வந்தன. ஐந்து மாதம் கழித்து, கார்த்திகை அடைமழையில், ஒரே சமயத்தில் பட்டி நிறையக் குட்டிகள்.

குட்டிகள் நடுங்கின. எனக்குக் கை சும்மா இருக்குமா? பிரிண்ட் கோணிப்போய் ரிஜெக்ட் ஆன குழந்தைப் பனியன்கள் கம்பெனியில் ஒரு மூட்டை கிடந்தன. மாமா சாக்கால் துவட்டித் துவட்டித் தர, நான் ஒவ்வொன்றுக்கும் மாட்டினேன். போட்ட அளவே பெயரும் ஆயிற்று: ஸ்மால், மீடியம், லார்ஜ். மஞ்சள் பனியனில் ஒரு கரடி சிரிக்க, அதற்குள் ஆட்டுக்குட்டி நிற்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். நிறையப் பேர் கைதட்டினார்கள்.

விடிந்ததும் அக்காவிடமிருந்து போன். "சாமி, ஒண்ணுகூடக் குட்டிய அண்ட உடமாட்டீங்குது. முட்டித் தள்ளுது. சுருக்கா வா."

போனால், தாய்கள் கத்திக்கொண்டே பட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தன. எல்லாம் தங்கள் குட்டியைத் தேடின. தேடிய குட்டி காலடியிலேயே பனியனோடு நின்றது. தாய் குனிந்து முகரும், தலையைத் தூக்கும், ஒரு முட்டு முட்டிவிட்டு மறுபடி தேடப் போகும். ஆட்டுக்குத் தன் குட்டி மூக்கில்தான் தெரியும். இங்கே எல்லாக் குட்டியும் எங்கள் கம்பெனியாக மணத்தது. அந்தச் சத்தத்தில் என்னால் நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"எதுக்கு மாப்ள இத்தன அலங்காரம்? பொண்ணு பாக்கவா வர்றாங்க?" என்றார் மாமா.

அக்கா திட்டவில்லை. "குட்டி குடிக்கலீன்னா மடி வத்திரும். அப்பறம் நான் மறுபடியும் செக்கிங் மேசைக்குத்தான் போகோணும்" என்றாள், கழற்றிய பனியனை மடித்தபடி. மடிப்பதற்கு முன், பழக்கத்தில், வெளிச்சத்துக்குத் தூக்கி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். நான் வெந்நீர் வைக்கப் போனேன்.

வெந்நீரில் துடைத்தோம்; இருந்த கொஞ்ச நஞ்ச வாசனையும் போய் இன்னும் மோசமாயிற்று. பிறகு அந்தந்தத் தாயின் பாலைக் கறந்து அதனதன் குட்டிமேல் தடவினோம். மாமா ஆட்டைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்க, அக்கா குட்டியின் வாயில் காம்பைத் திணிக்க, நான் இரண்டு பேர் காலிலும் மிதிபட்டேன். கம்பெனியிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. வயிற்றுக்குள் பால் போகப்போகக் குட்டிகளுக்குத் தாயின் வாசனை வந்துவிட்டது போலும்; தாய்கள் ஒவ்வொன்றாகச் சமாதானமாயின. மடி வற்றவில்லை.

ஸ்மாலை மட்டும் அதன் தாய் கடைசிவரை சேர்க்கவில்லை. புட்டிப்பாலில் வளர்ந்தது. என் தலை தெரிந்தால் போதும், ஓடிவந்து சட்டையில் மூக்கைப் புதைத்துக்கொள்ளும். நான் போடுவதெல்லாம் கம்பெனி சாம்பிள் சட்டைகள். அது என் மடியில் தூங்கும்போதுதான் வாழ்க்கையில் முதன்முதலாக ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்தேன்.

சில வருஷம் பால் நன்றாகவே போயிற்று. பிறகு மேட்டுக்காட்டைச் சுற்றி வீட்டுமனைக் கற்கள் முளைத்தன. ஆடு கடித்துக்கொண்டிருந்த கிளுவை வேலி போய்க் காம்பவுண்டு சுவர் வந்தது. கிடா வாடைக்குப் புதுக் குடித்தனக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஸ்மால் உள்பட ஆடுகளை விற்றோம். கம்பெனி மூடி அந்த இடம் யாருக்கோ குடோன் ஆயிற்று. சாப்ட்னரும் மாறிவிட்டது, காதர்பேட்டைப் பனியனில் ஏதோ பூ வாசம்தான் அடித்தது. நான் மறுபடி நின்றுகொண்டு சாப்பிடுகிறேன். அக்கா செக்கிங் மேசைக்குத் திரும்பவில்லை. வீட்டிலேயே மாவு அரைத்து விற்கிறாள்.

கடையிலிருந்து நேரே அவள் வீட்டுக்குத்தான் போனேன். "ஸ்மால் மாதிரி என்னத் தேடுன ஜீவன் வேற இல்லீங்க்கா" என்றேன்.

அக்கா கிரைண்டரில் மாவை வழித்தபடியே சொன்னாள்: "உன்னயவா தேடுச்சு? எந்தப் பனியன் கம்பெனி வேன் வந்தாலும் பொறத்தாலயே ஓடும். டிரைவருக எத்தனையோ வாட்டி கொண்டாந்து உட்டுட்டுப் போயிருக்காங்க. நீ மனசு ஒடஞ்சு போயிருவீன்னு மாமாதான் சொல்ல வேண்டாம்னாரு."