அக்கராயனில் அடித்த அலை

கடலில்லா ஊரான அக்கராயனில் அரிசி மில் வைத்திருந்த ஒருவரிடம், அலைச்சறுக்கு விளையாடும் வெள்ளைக்காரருக்காக வாசித்த பழைய கிட்டார் இசைத்தட்டுகள் ஒரு அலுமாரி நிறைய இருந்தன. அவரோ முல்லைத்தீவுக்குக் கலியாணத்துக்குப் போனாலும் கடற்கரைப் பக்கம் திரும்பமாட்டார்; சளி பிடிக்குமாம். தட்டை எடுத்தால், கருவாடு வாங்குகிறவரைப் போல முதலில் மணந்து பார்ப்பார்.

பெயர் போடாத ஒரு தட்டில் வாசித்தது யாரென்று பல வருடங்களாக உலகமெல்லாம் விசாரித்தார். நாட்டுக்கு மிக அவசியமான வேலை. நான் போன அன்றுதான் பதில் வந்திருந்தது.

"வாசிச்சவை சோளம் விதைக்கிற ஊர்ப் பெடியளாம். கடலையே கண்டதில்லையாம்!"

"அப்ப உங்களை ஏமாத்திப்போட்டினம்," என்றேன்.

"என்ன கதை கதைக்கிறியள்? கண்டிருந்தால் இப்பிடி வாசிச்சிருப்பினமோ? இருந்து கேளுங்கோ."

தட்டு சுழன்றது. சிரிக்கத்தான் நினைத்தேன். கால் இரண்டையும் ஏன் கதிரைக்கு மேலே தூக்கினேன் என்பது இன்னும் விளங்கவில்லை.