வெயிலில் இறக்கிய தண்ணீர்

கலியாணம் முடித்துக் கடலோரக் கொழும்புத்துறைக்கு வந்த முதல் கிழமையிலேயே எனக்குத் தண்ணீர் பெரும்பாடாகிவிட்டது. நான் பிறந்து வளர்ந்தது அளவெட்டியில். அங்கே செம்மண் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் தொண்டையில் இறங்குவதே தெரியாது. இங்கே வீட்டுக் கிணறு உவர். மாமி சந்திக் கிணற்றிலிருந்து குடிக்கவென்று கொண்டுவரும் தண்ணீரும் கோடை முற்ற முற்றக் கரிக்கத் தொடங்கும். தேத்தண்ணீரில் சீனியும் உப்பும் ஒன்றாக நாக்கில் படும்.

"இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் உவன் இவ்வளவு வளந்தவன். உனக்கு மட்டும் ஏன் பிள்ளை இறங்குதில்லை?" என்று மாமி என் கணவரான தன் மகனைக் காட்டிக் கேட்பா. கோபமில்லை, உண்மையாகவே அவவுக்கு விளங்கவில்லை.

இவர் பட்டணத்தில் ஒரு கந்தோரில் கோப்பெழுதும் எழுதுவினைஞர். சைக்கிளில் போய் வருவார். மற்ற நேரமெல்லாம் எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். நான் கோப்பையை அரைவாசியில் வைப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "இஞ்சரும், சூரியன் ஒவ்வொரு நாளும் உப்பைக் கடலிலை விட்டிட்டுத் தண்ணியை மட்டும்தானே தூக்கிக்கொண்டு போகுது. அதை எங்கடை வீட்டு முத்தத்திலை மறிச்சுப் பிடிச்சால் என்ன?"

அவர் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறே வேலை தொடங்கிவிட்டது.

இரண்டு வழி இருக்கிறதாம். முதலாவது, அவசரக்காரருக்கு. உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகளை ஒரு பெரிய பலகையில் சாய்வு சாய்வாக ஒட்டி, எல்லா வெளிச்சமும் வேலியோரம் வைத்த, கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய ஒரு தேத்தண்ணீர்க் கேத்தலில் போய் விழச் செய்தார். கேத்தலுக்குக் கரி பூசியிருந்தது. அதன் மூக்கில் ஒரு குழாய். குழாயின் மற்ற நுனி குளிர்ந்த தண்ணீருக்குள் இருந்த போத்தலில். நெருப்பில்லாமல், புகையில்லாமல், உச்சி வெயிலில் அந்தக் கேத்தல் மெல்லப் பாடத் தொடங்கியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏதோ கனவுக்குள் நிற்பதுபோல இருந்தது.

ஆனால் சூரியன் ஓரிடத்தில் நிற்பதில்லை. அது நகர நகரப் பலகையையும் திருப்ப வேண்டும். இவர் கந்தோருக்குப் போனபின் அது என் வேலை. ஒருநாள் கறியைத் துழாவிவிட்டு வர உள்ளே போனேன். வெளியே மாமியின் குரல். "பிள்ளை, வேலி! வேலி பத்துது!" ஓடிவந்து பார்த்தால் வெளிச்சம் கேத்தலை விட்டு விலகித் தென்னோலைக் கிடுகு வேலியில் போய் நிற்கிறது. அங்கிருந்து புகை. மாமி ஒரு வாளி உவர்த் தண்ணீரை அள்ளி ஊற்றினா. பின்னேரம் மகன் வந்ததும் அவ வேலியடிக்குக் கூட்டிக்கொண்டு போனா. கருகிய ஓட்டையைக் கையால் காட்டினா. பலகை அன்றோடு வீட்டின் பின்பக்கக் கோடிக்குள் போனது.

இரண்டாவது வழி ஆறுதலானது, அவசரமில்லாதது. கிணற்றடியில் ஆழமில்லாத ஒரு சீமெந்துத் தொட்டி கட்டி, உள்ளே தார் பூசினார். மேலே பழைய யன்னல் கண்ணாடிகளைச் சாய்த்து மூடினார். உள்ளே ஊற்றிய கிணற்றுத் தண்ணீர் வெயிலில் ஆவியாகிக் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் படியும். படிந்தது வழிந்து, கீழ் விளிம்பில் வாய்க்கால்போல இருந்த தகரப் பீலி வழியாகப் போத்தலுக்குள் சொட்டும்.

அந்தக் கோடை முழுவதும் என் மத்தியானங்கள் அந்தத் தொட்டியடியில் கழிந்தன. வேப்பமர நிழலில் இருந்து பார்ப்பேன். முதலில் கண்ணாடி மூச்சுப் பட்டதுபோல மங்கும். பிறகு ஊசிமுனை அளவில் துளிகள். பக்கத்துத் துளியோடு சேர்ந்து, பாரம் கூடி, ஒன்று திடீரென்று வழுக்கி ஓடும். அது ஓடிய கோட்டினூடே உள்ளே இருக்கும் கறுப்புத் தெரியும். தூரத்தில் கடலேரி வெயிலில் வெள்ளையாகக் கிடக்கும். காற்றுக்கூட அசையாது. நித்திரையா விழிப்பா என்று தெரியாமல் அப்படியே இருந்துவிடுவேன்.

முதல் போத்தல் நிரம்பியதும் இவர் ஒரு தம்ளரில் ஊற்றி நீட்டினார். "குடிச்சுப் பாரும்."

குடித்தேன். உப்பு இல்லை. இனிப்பும் இல்லை. வாயில் ஒன்றுமே நடக்கவில்லை.

"என்ன?"

"ஒரு ருசியும் இல்லையே."

அவர் முகம் விழுந்துவிட்டது. பிறகு தானும் ஒரு மிடறு குடித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "மெய்தான். உப்பைக் கழட்டப் போய் எல்லாத்தையும் கழட்டிப்போட்டன்."

எங்கள் வீட்டு ஒழுங்கை பெருந்தெருவில் ஏறும் முகப்பில் ஒரு பழைய வாடகைக் கார் நிற்கும். அதன் சாரதி குருநகர்க்காரர், வயதில் எங்களுக்கு மூத்தவர். காருக்குத் தண்ணீர் அள்ள எங்கள் கிணற்றடிக்கு வருவார். ஒருநாள் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உது என்ன தங்கச்சி?" என்றார். சொன்னேன். போத்தலை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.

"ஐயோ தங்கச்சி, இது கார் பற்றறிக்கு விடுற தண்ணியெல்லோ! இதுக்கு நான் பட்டணமெல்லாம் அலையிறன்."

"அப்ப கொண்டுபோங்கோ அண்ணை. எங்களுக்கு இது வாய்க்குச் சரிவரேல்லை."

"சும்மா கொண்டுபோக மாட்டன். உமக்கு என்ன வேணும்?"

அவர் கலியாண வீடுகளுக்கு மேளக்காரரை ஏற்றி இறக்க அடிக்கடி அளவெட்டிக்குப் போய்வருகிறவர். அது எனக்குத் தெரியும். நான் கேட்டதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "தண்ணிக்குத் தண்ணியோ? ஓம், கொண்டுவாறன்."

அடுத்த முறை அவர் வந்தபோது காரின் பின்சீற்றில் எங்கள் அளவெட்டிக் கிணற்றுத் தண்ணீரோடு ஒரு மூடிய அண்டா. அம்மா அதன் வாயைச் சீலைத்துண்டால் கட்டியிருந்தா. முடிச்சை அவிழ்த்து, நின்றபடியே ஒரு செம்பு குடித்தேன். கண் கலங்கிவிட்டது. மாமியும் ஒரு வாய் குடித்துப் பார்த்தா. "நல்ல தண்ணிதான். ஆனால் தேத்தண்ணிக்கு எனக்கு என்ரை தண்ணி போதும்."

அதிலிருந்து அந்தப் பண்டமாற்று வழக்கமாகிவிட்டது. மற்றச் சாரதிகளும் போத்தலோடு வரத் தொடங்கினார்கள். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒழுங்கை முழுவதற்கும் பெரிய தொட்டி கட்டலாமா என்று தாளில் படம் கீறிக் கீறிப் பார்த்தார். ஒரு வீட்டுக் குடிதண்ணீருக்கே முற்றம் நிறையக் கண்ணாடி வேண்டும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. இவர் சாக்கை எடுத்துக்கொண்டு தொட்டியை மூட ஓடினார்.

"விடுங்கோ, நனையட்டும்" என்றேன்.

கண்ணாடியின் மேல் மழை வழிந்து ஓடியது. இவர் சற்று நின்று பார்த்தார். பிறகு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்து, மேலால் வழியும் மழை அதில் விழும்படி தகரப் பீலியை வெளிப்பக்கமாக வளைத்துவிட்டார். போத்தல் கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பி வழிந்தது. குடத்தை வைத்தோம். அதுவும் நிரம்பியது. மாமி அடுக்களையிலிருந்து இருந்த பானைகளையெல்லாம் ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தா.