ஊசி பேரிங்குக்குப் பச்சை கிரீஸ்

கிரீஸ் கம்பெனியின் ஆலோசனைத் தொலைபேசி இருந்த அறையில் அவள் ஒருத்திதான். பேச்சுச் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறதென்று ஹாலிலிருந்து அவளை மட்டும் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். தங்கை கல்யாணமாகிப் போன பிறகு வீட்டிலும் அவள் ஒருத்திதான். சில ஞாயிற்றுக்கிழமைகளில், கடைக்காரரிடம் "அரை லிட்டர் பால்" என்று கேட்பதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

ஒருநாள் துறைமுகத்திலிருந்து ஓர் ஐஸ்காரர் போன் செய்தார். பைக்கின் பின்னால் பெட்டி கட்டி, படகுகளுக்கு ஐஸ் கொண்டுபோகிறவர்.

"மேடம், பின்சக்கரத்தப் பிடிச்சிருக்கிற கை இருக்குல்ல, அதுல ஊசி பேரிங் கத்துது. நாலு தடவ ஆயில் ஊத்திட்டேன்."

"ஆயில் நிக்காதுங்க, ஒழுகிடும். அந்த பேரிங் முழுசா சுத்தாது, இருந்த இடத்துலயே ஆடிக்கிட்டிருக்கும். ஒட்டிக்கிட்டு நிக்கிற கிரீஸ்தான் வேணும்."

வழக்கமாக எல்லோருக்கும் சொல்கிற வெள்ளை கிரீஸைச் சொன்னாள். மூணே வாரத்தில் மறுபடி அழைத்தார்.

"பழையபடி ஆரம்பிச்சிடுச்சு மேடம். என் பொண்டாட்டி குறட்டைக்கும் இதுக்கும் போட்டி."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஹாலில் இருந்தவர்கள் கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தார்கள்.

உருகும் ஐஸும் படகுத்துறை உப்புத்தண்ணீரும் நாள் முழுக்க அந்த பேரிங்கில் சொட்டுகின்றன. தவறு தன்னுடையதுதான் என்று அவளுக்கு உறைத்தது. சோதித்துச் சொல்வதாக அவரிடம் சொல்லிவிட்டு, மூன்று பழைய பேரிங்குகளில் வெள்ளை, கறுப்பு, பச்சை என்று மூன்று வகை கிரீஸ் தடவி, வீட்டுக் குளியலறையில் உப்புநீர் வாளியில் போட்டாள். தினமும் சாயங்காலம் வந்ததும் வராததுமாக அவற்றைக் கையால் அசைத்துப் பார்ப்பாள். வெள்ளை கிரீஸ் திரிந்த பால்போல ஆனது. கறுப்பில், பேரிங்குக்குள் இருக்கும் ஊசி போன்ற உருளைகளின் முனைகள் துருவேறின. பச்சை கிரீஸ் மட்டும் பிசின்போல விடாமல் ஒட்டியிருந்தது.

இடையிடையே அவரே அழைத்தார். "என்ன மேடம், நம்ம பேரிங் எப்படி இருக்கு?"

அந்த 'நம்ம' பஸ்ஸில் வீடுவரைக்கும் கூடவே வந்தது.

பத்தாம் நாள் முடிவைச் சொன்னாள். "பச்சையே போடுங்க. முதல்ல பழச மண்ணெண்ணெய்ல கழுவி, நல்லா காயவிடுங்க. ரெண்டும் கலந்தா இளகி ஓடிடும்."

அத்தோடு அழைப்பு நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம் போயிற்று. மணி அடித்தால் போதும், கை தானாகப் பாயும். வேறு யாராவது லாரி அச்சுக்கு எதைப் போடலாம் என்பார்கள். இங்கிருந்து யாரையும் அழைக்கக் கூடாது என்பது விதி. மூன்றாம் மாதம், பதிவேட்டில் இருந்த அவருடைய எண்ணைப் பார்த்து அவளே அழைத்துவிட்டாள்.

"யாருங்க?"

"கிரீஸ் கம்பெனிலருந்து பேசறேங்க. பேரிங் எப்படி இருக்குன்னு…"

"எந்த கம்பெனி? ஓ, ஆமாமா! சத்தமே இல்லங்க. அத மறந்தே போயிட்டேன்." யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "படகு வந்திருச்சு, வெச்சிடறேம்மா. நல்லா இருங்க."

பதிவேட்டில் 'குறை இல்லை' என்று எழுதினாள். சாப்பாட்டு வேளையில் மேலாளரிடம் போனாள்.

"சார், எனக்கு ஹால்லயே ஒரு மேசை கிடைக்குமா? மெதுவா பேசிக்கறேன்."

"ஏன், அங்க காத்து வரலையா?"

"காத்தெல்லாம் வருது சார்."

அவர் ஹாலை ஒருதரம் எட்டிப் பார்த்தார். ஜன்னலோர மேசையில் இருப்பவர் அடுத்த மாதம் வேலையை விட்டுப் போகிறார், அப்போது பார்க்கலாம் என்றார். சரி என்று சொல்லிவிட்டு, அதுவரைக்குமான தன் அறைக்குத் திரும்பினாள்.