மிக்கேல் அண்ணாச்சி பிடித்திருந்த கயிறு

மிக்கேல் அண்ணாச்சி இறந்த செய்தி நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய மூத்த மகன்தான் பேசினான். "அப்பா காலையில போயிட்டாங்க சார். சாயந்திரம் அடக்கம்." எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது பயம். அவருக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் கண்ணை மூடிய பிறகு, அவர் மனைவி ரோசம்மாள் மதினியிடம், மதினியின் அண்ணன் போரில் எப்படிச் செத்தான் என்ற உண்மையைச் சொல்ல வேண்டும்.

துறைமுகத்து இழுவைப் படகில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு, அவர் அதிகம் பேசாத மனிதர். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்தான் எழுபத்தொன்றாம் ஆண்டுப் போர். வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் ஆண்டுதோறும் அவரை வகுப்புக்கு அழைத்து வருவேன். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று பையன்கள் கேட்பார்கள். "துப்பாக்கியத் தொட்டது பரேடுலதாம்லே. எனக்குச் சண்டையெல்லாம் சகதியிலதான்" என்பார். அவரும் மதினியின் அண்ணன் லாசரும் சங்கு குளிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்றாகக் கடற்படையில் சேர்ந்து முக்குளிப்பவர்கள் ஆனார்கள். கிழக்கே ஓர் ஆற்றுமுகத்தில், கலங்கல் தண்ணீருக்கடியில் கண்ணிவெடி தேடுவது அவர்கள் வேலை. கதை எப்போதும் ஒரே இடத்தில் முடியும். "லாசருக்குக் குண்டு பட்டுது. ஒரு நொடிதான். வலியே தெரிஞ்சிருக்காது." ஆறு வருடம் நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

ஒரு நாள் சங்குப் படகுகள் கரையேறுவதைப் பார்க்கப் போயிருந்தோம். அந்தக் காலத்தில் குளிப்பவருக்குக் கயிறு பிடிப்பது யார் என்று கேட்டேன். "ஸ்ரீவைகுண்டத்தானுக்கு வரப்பும் நெல்லுந்தான் தெரியும்" என்று என் ஊரைச் சொல்லிச் சிரித்தார். "கீழ போறவன் உசிரு மேல நிக்கவன் கையில. கூடப்பொறந்தவன்கூட சொத்துக்கு ஆசைப்பட்டுக் கைய விட்டுருவான். மச்சான் விடமாட்டான். தங்கச்சி தாலி அறுப்பாள்லா? அதான் மச்சான் கையில கயிறு." சற்றுக் கழித்து, "கடற்படையிலயும் லாசருக்கு நாந்தான் பிடிப்பேன். அவன் தங்கச்சிய எனக்குப் பேசி முடிச்சிருந்துது, அந்த வகையில நானும் மச்சான்தான்" என்றார். பிறகு சங்கு விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தண்ணீருக்கடியில் இருந்தவனுக்குக் குண்டு எப்படிப் பட்டது? இருபது வருடம் வரலாறு நடத்துகிறவனுக்கு ஆறு வருடம் தோன்றாத கேள்வி. அடுத்த ஞாயிறு, மதினி பூசைக்குப் போயிருந்த நேரத்தில், செல்போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரையில இருந்து சுட்டானுவ. படகுல நாலு பேரு. எஞ்சினைப் போட்டாச்சு. கயிறு ரெண்டு தரம் இழுத்துது. ரெண்டு தரம்னா மேல தூக்குன்னு அர்த்தம். தூக்கணும்னா நிக்கணும். நின்னா எல்லாரும் சாவணும். என்னைய விடச் சொல்லி யாரும் சொல்லல வாத்தியாரே. நானாத்தான் கைய விட்டேன். விடுததுக்கு முன்னால மூணாவது தரமும் இழுத்துது." மறுநாள் போய்த் தேடியும் உடல் கிடைக்கவில்லை. குண்டு பட்டுச் செத்தான் என்று ஊருக்கு வந்து அவரே சொன்னார். அடுத்த வருடம் கல்யாணம். "நான் செத்த பெறவு அவகிட்ட சொல்லிருங்க. உசிரோட இருக்கையில என்னால ஏலாது."

சரி என்றேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், அன்று பேருந்தில் திரும்பும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு வாக்குமூலம் யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். "நீங்களே சொல்லிருங்க அண்ணாச்சி, நான் கூட இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அதன்பின் அவர் இரண்டு வருடம் இருந்தார். அந்த வீட்டுக் குசினியில் மதினி கையால் எத்தனையோ நாள் மீன்குழம்பு சாப்பிட்டேன். அண்ணாச்சியும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, உறவினர்கள் கலைந்த பிறகு மதினியிடம் சொன்னேன். முடிவில் ஒன்றுதான் கேட்டார்: "எத்தன தரம் இழுத்துது?"

"மூணு தரம்."

"அண்ணன் பொறுமைக்காரன்" என்றார். லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்ட சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேன். அப்புறம் மன்னிச்சுமிருப்பேன். அம்பது வருசம் ஆக்கிப் போட்டவ மன்னிக்க மாட்டேனா? இப்ப யார்கிட்டப் போயி சண்டை போட, தம்பி?"

இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பொய்யக் கேட்டது போதும். ஆனா கைய விட்டவர்னு மட்டும் எழுதாதீங்க. எம்பிள்ளைங்க ஒருத்தரையும் கடலுக்கு விடாம வளத்தாரு, அதையும் எழுதுங்க." பிறகு கேட்டார்: "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வருசமா."

"அந்த ரெண்டு வருசமும் அவரு இருந்தாருல்லா" என்றார். நான் குடித்து வைத்த டீ கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

அண்ணாச்சியின் குரல் இன்னும் என் போனில் இருக்கிறது. அதைப் போட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது வேறொன்று. சென்ற வாரம் ஆலந்தலையில் இன்னொரு முன்னாள் படைவீரரைப் பார்க்கப் போனேன். யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதைப் பதிந்துகொள்ளுங்கள் என்றார். அடுப்படியில் அவர் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தார். போனை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

"மொதல்ல வீட்டுல சொல்லுங்க அண்ணாச்சி. நான் அடுத்த வாரம் வாரேன்."