எதிர்காத்துல எனக்கு முன்னால போனது

நான் பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில குவாலிட்டி செக்‌ஷன்ல வேலை பார்க்கிறேன். ஒரு பீஸ் கெட்டுப்போச்சுன்னா அதுக்குக் காரணம் இருந்தே ஆகணும், காரணம் தெரியலன்னு எழுதிக் கொடுத்தா மேனேஜர் மூஞ்சியிலயே திருப்பி வீசுவாரு. அப்படியே பழகிப் போச்சு. பேய் பார்த்தேன், ஆவி கூப்பிட்டுச்சுன்னு யாராவது ஆரம்பிச்சா நான் எழுந்து தேத்தண்ணி கலக்கப் போயிடுவேன். அதனால நீங்க இப்ப மூஞ்சிய அப்படி வச்சிருக்கிறதப் பார்த்து எனக்குக் கோவம் வரல. உங்க இடத்துல நானா இருந்தா இதைவிட மோசமா வச்சிருப்பேன். ஆனா கேளுங்க, முடிச்ச பிறகு சிரிச்சுக்கலாம்.

பத்மா அக்காவை உங்களுக்குத் தெரியாது. புக்கிட் மெர்தாஜாம்காரங்க, கல்யாணம் ஆகி ஆயர் ஈத்தாம் வந்தவங்க, எங்க ஃப்ளாட்டுல எனக்கு ரெண்டு மாடி மேல. ஸ்கூல் ஆபீஸ்ல கிராணி, கிளார்க் வேலை. புருஷன் தவறின பிறகு சும்மா உட்கார்ந்தா பைத்தியம் புடிச்சுரும்னு சொல்லி ஒரு ரேசிங் சைக்கிள் வாங்கிட்டு வந்து நின்னாங்க, ஐம்பது வயசுல. ஃப்ளாட்டே சிரிச்சுச்சு. நானும்தான் சிரிச்சேன், அப்புறம் நானும் ஒண்ணு வாங்கினேன்.

சனிக்கிழமை காலையில நாங்க ரெண்டு பேரும் பாயா தெருபோங் மேட்டுல ஏறி, அந்தப் பக்கம் பாலிக் புலாவ் இறங்கி, வயல் ரோட்டுல ஒரு சுத்து சுத்திட்டு, பாசார்ல, அதான் சந்தையில, ஒரு கிண்ணம் லக்சா சாப்பிட்டுட்டு வருவோம். சைக்கிள் ஓட்டாதவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், இல்லன்னா மிச்சக் கதை புரியாது. எதிர்காத்துல முன்னால போறவங்கதான் காத்தை உடைக்கணும். பின்னால ஒட்டிக்கிட்டு வர்றவங்களுக்கு காத்தே தெரியாது, பாதி நேரம் மிதிக்கவே வேணாம். மிதிக்காம விட்டா பின் சக்கரத்துல டிக் டிக் டிக்னு ஒரு சத்தம் வரும், அக்கா சைக்கிள்ல அது கொஞ்சம் விட்டு விட்டு, நொண்டுற மாதிரி வரும். முன்னால போறவங்களுக்கு முடியலன்னா வாயத் திறக்க மாட்டாங்க, மூச்சு இருக்காது. முழங்கையை ஒரு ஆட்டு ஆட்டுவாங்க. நீ வா முன்னாலன்னு அர்த்தம். நம்ம ஊர்ல இடது ஓரமா ஓட்டுறோம், அதனால வலது முழங்கை, பின்னால இருக்கிறவங்க வலது பக்கமா ஏறி முன்னால போயிடுவாங்க.

இதுல என் விஷயம் என்னன்னா, நான் முன்னால போனதே கம்மி. அஞ்சு நிமிஷத்துல முழங்கை ஆடிடும். அக்கா முன்னால வந்துருவாங்க, வந்தா பாசார் வரைக்கும் அவங்கதான். அவங்க கழுத்துல தடவின மிஞ்ஞா அங்கின் வாசனையை மோந்துக்கிட்டே நான் பின்னால ஜாலியா வருவேன். அந்தப் பச்சைத் தைலம் இல்லாம அவங்க வீட்டை விட்டு இறங்க மாட்டாங்க. அவங்க முழங்கையை ஆட்டி நான் ஒரு நாளும் பார்த்ததில்ல.

பிரான்ஸ் ஆசை அவங்களுதுதான். யாரோ வீடியோ போட்டிருந்தாங்க, கிராமத்துச் சின்ன ரோடு, ரெண்டு பக்கமும் சூரியகாந்தி, காரே இல்ல, ஹார்ன் அடிக்க ஆளே இல்ல. சூலியா தெருவுல நாசி கண்டார் சாப்பிட்டுக்கிட்டே அதை எனக்கு எத்தனை தடவை காட்டினாங்கன்னு தெரியாது. "அங்க போனா நீதான் முன்னால லா," அப்படிம்பாங்க. "நான் பின்னால உட்கார்ந்துக்கிட்டு பூவைப் பார்த்துக்கிட்டே வருவேன். இத்தனை வருஷம் நான் பார்த்தது ரோட்டுல இருக்கிற குழியைத்தான்." நானும் சரிக்கா சரிக்கான்னு தலையாட்டினேன்.

டிக்கெட் எல்லாம் போட்டாச்சு. அதுக்கப்புறம்தான் வயித்துவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, போனவங்க வீட்டுக்குத் திரும்பல. சீக்கிரம் முடிஞ்சிருச்சு, அதைப் பத்தி நான் அதிகம் பேச விரும்பல. அவங்க மகதான் சொன்னா, "நீங்க போங்க ஆண்ட்டி, போகலன்னா அம்மா திட்டுவாங்க." போனேன்.

அங்க லுவார்னு ஒரு ஆறு. அதுக்குத் தெக்கால சின்னச் சின்ன ரோடா ஒரு வழி, அக்கா தேடி வச்சிருந்த வழி. சைக்கிள் வாடகைக்கு எடுத்தேன், நல்ல சைக்கிள், பின் சக்கரம் சத்தமே போடாது. அங்க வலது ஓரமா ஓட்டணும், நம்ம ஊருக்கு நேர்மாறு, முதல் நாள் ரெண்டு தடவை தப்பான பக்கம் போய் திரும்பினேன். மூணாவது நாள்தான் இது நடந்தது. நல்ல வெயில், பட்டப்பகல், நம்பினா நம்புங்க, மரத்தடி இருட்டுகூட கிடையாது, கண்ணுக்கு எட்டின வரைக்கும் சூரியகாந்தி. எதிர்ல ஒரு வெள்ளைக்கார தாத்தா சைக்கிள்ல வந்தாரு. அங்க பார்த்தா வணக்கம் சொல்லாம போக மாட்டாங்க. எனக்கு ஒரு "போன்ஜூர்" சொன்னாரு, என்னைத் தாண்டி கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொரு "போன்ஜூர்". மனுசன் ரொம்ப மரியாதைக்காரரா இருக்காரேன்னு நினைச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

அப்புறம்தான் பின்னால டிக் டிக் கேட்டுச்சு. யாரோ அந்த ஊர்க்காரன் என் முதுகுல ஒட்டிக்கிட்டு ஓசியில வர்றான்னு நினைச்சேன். அது நடக்கிறதுதான், தப்பில்ல. முன்னால போறவங்க திரும்பிப் பார்க்கக்கூடாது, திரும்பினா சைக்கிள் வளையும், பின்னால இருக்கிறவங்க விழுந்துருவாங்க. அதனால நான் திரும்பல. கேட்டுக்கிட்டே போனேன். விட்டு விட்டு வந்துச்சு அந்தச் சத்தம். ஊர்க்காரன் சைக்கிளும் நொண்டுதுன்னு மனசுல சிரிச்சுக்கிட்டேன், சத்தியமா அப்ப எனக்கு வேற எதுவும் தோணல. ஏதோ துணை இருக்கிற மாதிரி இருந்துச்சு, நல்லா இருந்துச்சு.

அந்த இடத்துல ரோடு மேட்டுல ஏறி வெட்டவெளிக்கு வந்துச்சு பாருங்க, காத்து அடிச்சுச்சு. அடின்னா அடி, சைக்கிள் நின்னே போயிடும் போல. மூச்சு வாங்குது, தொடை எரியுது. யோசிக்கவே இல்ல, பழக்கம், என் வலது முழங்கை தானா ஆடிருச்சு.

இப்ப கவனமா கேளுங்க. அந்த ஊர்க்காரனா இருந்தா இடது பக்கமாத்தான் முந்தணும், அங்க அதுதான் ரோட்டுப் பக்கம். என் வலது பக்கம் ஒரு சாண் தார், அதுக்கப்புறம் புல், அதுக்கப்புறம் வாய்க்கா. சைக்கிள் போக இடமே கிடையாது. சத்தம் அந்தப் பக்கமா வந்துச்சு. டிக் டிக்னு என் வலது முட்டிக்குப் பக்கத்துல வந்து, சட்டுனு நின்னுச்சு, மிதிக்க ஆரம்பிச்சா நிக்கிற மாதிரி. நான் திரும்பிப் பார்த்தேன். வெறும் புல்லு.

அடுத்த நிமிஷம் காத்து இல்ல. ரெண்டு பக்கமும் சூரியகாந்தி தலைய போட்டு ஆட்டுது, எனக்கு மட்டும் காத்து இல்ல. பின்னால ஒட்டிக்கிட்டு ஓட்டினவங்களுக்குத்தான் அந்த அமைதி தெரியும், முன்னால ஒரு முதுகு இருந்தாத்தான் அது வரும். அப்புறம் அந்தத் தைல வாசனை. அதுவரைக்கும் வரல பாருங்க, பின்னால இருந்தவரைக்கும் வரல, முன்னால போன பிறகுதான் வந்துச்சு.

பயம் வரல, பொய் சொல்ல மாட்டேன். எனக்கு வந்தது வெக்கம். அழுதுக்கிட்டே மிதிச்சேன். அக்கா, நீங்க பின்னால போங்க, நான் ஓட்டுறேன்னு கத்தினேன். முந்திப் பார்த்தேன், முடியல, எவ்வளவு வேகமா மிதிச்சாலும் அந்த அமைதி எனக்கு முன்னாலயே போகுது. ஒரு கோயில் கோபுரம், அந்த ஊர் சர்ச்சுதான், தெரிஞ்சுச்சு, ஊர்ப் பேரு எழுதின பலகை வந்துச்சு, அதைத் தாண்டினதும் காத்து மறுபடி மூஞ்சியில அடிச்சுச்சு. வாசனையும் போயிருச்சு. மத்தியானம், ரொட்டிக் கடையெல்லாம் சாத்திக் கிடந்துச்சு. அந்த சர்ச் முன்னால பெஞ்சுல உட்கார்ந்து வந்த ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன், சாயந்திரம் வரைக்கும். மிச்சம் இருந்த நாளெல்லாம் நான்தான் ஓட்டினேன், தனியா. பின்னால ஒரு சத்தமும் வரல.

நீங்க காரணம் சொல்லுவீங்க. துக்கம், வெயில், தண்ணி பத்தல. நானே எனக்கு எல்லாத்தையும் சொல்லிப் பார்த்துட்டேன். அதெல்லாம் விடுங்க. அவங்க ஆசைப்பட்டது ஒரே ஒரு விஷயம், அந்த ரோட்டுல பின்னால உட்கார்ந்து பூவைப் பார்த்துக்கிட்டு வரணும். வந்தாங்க. வந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. செத்த மனுஷியை அப்பவும் வேலைக்குக் கூப்பிட்டது என் முழங்கை. கொஞ்சம் பல்லைக் கடிச்சிருந்தா அந்தச் சூரியகாந்தி முடியிற வரைக்கும் அவங்க பார்த்திருப்பாங்க. இதை நினைக்காம நான் தூங்கினதில்ல.

இப்பவும் சனிக்கிழமை பாலிக் புலாவ் போறேன். வயல் ரோட்டுல கடல் காத்து எதிர்ல வரும்போது ரெண்டு முழங்கையையும் விலாவோட ஒட்டி வச்சுக்குவேன், செத்தாலும் ஆட்டக்கூடாதுன்னு. போன வாரம் அப்படித்தான் போனேன், நல்ல காத்து, தென்னை ஓலையெல்லாம் என் பக்கமா சாஞ்சு ஆடுது. முழங்கை அசையல, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். காத்து நின்னுச்சு. தைலம் மணந்துச்சு.

"அக்கா, போதும் லா, பின்னால வாங்க"ன்னு கெஞ்சினேன். பாசார் வரைக்கும் என் மூஞ்சியில காத்தே படல.