அப்பாவின் கல்வெட்டில் ஹார்லெம் ஸ்டேஷன்

அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும் என்று பெரியப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து போன் எடுத்தார். எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்று சொல்வது ஒரு சின்னப் புத்தகத்தை. செத்தவரின் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு எல்லாம் அதில் இருக்கும். அன்றைக்குச் சாப்பிட வருகிறவர்களின் கையில் ஆளுக்கொன்று கொடுப்போம்.

வாழ்க்கை வரலாற்றை நான்தான் எழுத வேண்டி வந்தது. தம்பிக்குத் தமிழ் வாயில் மட்டும்தான், அதிலும் பாதி நாங்கள் இருக்கிற பலெர்மோவின் இத்தாலியன். அப்பா போனதில் இருந்து அம்மா யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற ஒரு இத்தாலிய அம்மா வீட்டில் துடைக்கவும் சமைக்கவும் போகிறவள். ஞாயிறு தமிழ் வகுப்பில் படித்ததுதான் என் தமிழ்.

பிறந்த ஊர் எழுதினேன். தாய் தகப்பன் பெயர் எழுதினேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள். மூன்று வரியில் அப்பா முடிந்துபோனார். மற்றதெல்லாம் மாடிப்படி கழுவினதும், குளிர்காலத்தில் நகருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரீன் என்கிற சின்னத் தோடம்பழம் ஆய்ந்ததும்தான். மூன்று வரியைப் பார்த்துக்கொண்டு கனநேரம் அழுதேன். அதற்குப் பிறகு கை தன்பாட்டில் ஸ்டேஷனை எழுதத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றக் குடும்பங்கள் மொந்தெல்லோக் கடற்கரைக்குக் குளிக்கப் போவார்கள். நாங்கள் பல்லரோச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற பெரிய ஸ்டேஷனுக்குப் போவோம். எங்கேயும் போவதற்கு இல்லை. மர வாங்கில் குந்தியிருந்து ஆளுக்கொரு அரஞ்சீனா, அந்தப் பொரித்த சோற்றுருண்டை, தின்பதற்குத்தான். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்க வேலை செய்கிற சனம் ஓய்வு நாளிலும் ரயில் புகை குடிக்கப் போகுமா என்று புறுபுறுப்பார். அப்பாவுக்குக் கேட்காது. அவர் ஹார்லெமுக்குப் போயிருப்பார்.

இத்தாலிக்கு வருமுன் அப்பா ஒல்லாந்தில் அகதியாக இருந்தவர். ஹார்லெம் என்ற ஊரில், ஒரு கூட்டாளியோடு, பகல் முழுக்க ஸ்டேஷனில். அங்கே சூடாக இருந்தது, நீ ஆர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த நாட்டின் முதல் ரயில் ஆம்ஸ்டர்டாமில் இருந்து அந்த ஊருக்குத்தான் ஓடினது என்று அப்பா தானே ஓட்டினவர் மாதிரிச் சொல்லுவார். பிறகு ரயில் போகும்வரை சனமும் வண்டிலும் தெருவில் காத்து நின்றதால், தண்டவாளத்தையே மேலே தூக்கி வைத்துப் புதிதாகக் கட்டினார்களாம். அதுவும் நடந்து நூறு வருசத்துக்கு மேலே. கதவுக்கு மேலே எழுத்தெல்லாம் ஓட்டில் சுட்டுப் பதித்தது. மேடையில் காத்திருக்கிற அறைகள் மரத்தால் செய்தவை. முதலாம் வகுப்புக்கு ஒன்று, மூன்றாம் வகுப்புக்கு ஒன்று என்று அந்தக் காலத்தில் பிரித்திருந்தார்கள். அப்பாவின் காலத்தில் அதெல்லாம் இல்லை, எழுத்து மட்டும் இருந்தது. அந்த இடம் வந்ததும் அப்பா அரஞ்சீனாவைக் கடதாசியில் வைத்துவிட்டு எங்களைப் பார்ப்பார்.

“நாங்கள் முதலாம் வகுப்புக் கதவுக்குக் கீழைதான் இருப்பம். ரிக்கற்றே இல்லாதவன் என்னத்துக்கு மூண்டாம் வகுப்பிலை இருக்கிறான்?”

ஒவ்வொரு ஞாயிறும் நானும் தம்பியும் சிரிப்போம். அம்மா ரயில் நேரம் போடும் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எழுதினதைப் பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போன் எடுத்தார். குலதெய்வம் எங்கே, பரம்பரை எங்கே என்று கேட்டார். பிறகு குரலைத் தணித்தார்.

“ஸ்டேஷனை வெட்டு பிள்ளை. அகதியாய்க் குந்தியிருந்த இடத்தைக் கல்வெட்டிலை போடுறதே? சனம் சிரிக்கும்.”

அவரும் கூடப்பிறந்த தம்பியைப் பறிகொடுத்தவர். அவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? ஆனால் ஸ்டேஷனை வெட்டினால் திரும்பவும் அந்த மூன்று வரிதான். என் அப்பா அதற்குள் இல்லை. புத்தகம் அடிக்கிற அண்ணா அடுத்த நாள் காலையில் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அகதிக்கு முதலாம் வகுப்போ என்று சனம் சிரிக்காத மாதிரி ஒரு இடத்தை மட்டும் மாற்றினேன். அப்பா மூன்றாம் வகுப்புக் கதவடியில் இருந்தார் என்று எழுதிவிட்டு, குசினிக்குப் போய் அம்மாவுக்கு வாசித்தேன்.

அப்பா கடைசியாகத் தோட்டத்தில் இருந்து கொண்டுவந்த மந்தரீன்களுக்கு முன்னால் அம்மா இருந்தார். தோல் சுருங்கியும் எறிய விடவில்லை. மூன்றாம் வகுப்பு என்று வாசித்ததும் தலையைத் தூக்கினார்.

“அவர் எப்ப மூண்டாம் வகுப்பிலை இருந்தவர்?”

அம்மா தொடக்கத்தில் இருந்து சொன்னார். முதல் ரயில், தெருவில் நின்ற வண்டில்கள், தூக்கி வைத்த தண்டவாளம், சுட்ட எழுத்து. அப்பா நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அப்பா பார்க்கிற மாதிரியே என்னைப் பார்த்தார். இவ்வளவு காலமும் பலகையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“முதலாம் வகுப்பெண்டு எழுது. உன்ரை பெரியப்பாவோடை நான் கதைக்கிறன்.”

என்ன கதைத்தாரோ தெரியாது, கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தார். பெரியப்பா பிறகு குலதெய்வத்தின் பெயரை மட்டும் எழுத்துப்பிழை இல்லாமல் அனுப்பினார். அதையும் போட்டேன்.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு மேல்மாடி மொரிஷியஸ் அக்காவும் வந்தார். அவரும் தமிழ் வழிதான், தமிழ் வாசிக்கத் தெரியாது. பக்கங்களைப் பிரட்டிக்கொண்டு போய்க் கடைசிப் பக்கத்தில் நின்றார். அங்கே ஹார்லெம் ஸ்டேஷனின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தேன். ஊரில் இதுதான் அப்பாவின் வீடா என்று அம்மாவிடம் இத்தாலியனில் கேட்டார். நான் விளங்கப்படுத்த வாயைத் திறந்தேன்.

“சீ,” என்றார் அம்மா, இத்தாலியனில் ஓம் என்று. பிறகு அக்காவின் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.